கறிக்கடையில் ஒரு தலையாட்டல்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கோயமுத்தூர் பீளமேட்டில் எங்கள் தெரு முழுக்க நம்பியது. முற்றியது பக்தி அல்ல, பயம். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பம்புசெட்டுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை எனக்கு. நான் கடைந்த சாமான் போட்டால் ஊரான் கிணற்றுத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். எனக்குச் சொந்தத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றுக்குப் போகிற நிலைமை வந்ததும் டாக்டரிடம் போனேன்.

"குழாயைச் சுத்தி ஒரு சுரப்பி இருக்குதுங்க, புராஸ்டேட்னு. வயசானா வீங்கும், குழாயை நெரிக்கும். முக்காவாசிப் பேருக்கு அவ்வளவுதான். எதுக்கும் ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்துக்கலாம். பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார்.

"எதுக்கும்" என்றாரே, அந்த ஒரு சொல் போதும். பஸ் ஏறுவதற்குள் நான் செத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பந்தியில் வடை சரியில்லை என்று யாரோ குறை சொல்வதுகூடக் காதில் விழுந்தது.

மருந்தோடு அவர் சொன்ன மற்றது இது: தினம் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க நடக்க வேண்டும். தொந்தி குறைய வேண்டும். கொழுப்புக் கறியைக் குறைத்துக் காயும் பருப்பும் சேர்க்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் காப்பி கூடாது. "நடந்தா சுரப்பி சுருங்கிப்போகும்னு நான் சொல்ல மாட்டனுங்க. தொந்தரவு குறையலாம். இருதயத்துக்கும் நல்லது."

குறைக்கத்தான் சொன்னார். நான் கறியை அடியோடு விட்டேன். முக்கால் மணி நேரத்தை ஒன்றரை மணி நேரம் ஆக்கினேன். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மூன்று வேளையும் கொள்ளுப் பருப்பு. வாரப் பத்திரிகை ஒன்றில் தக்காளி நல்லது என்று படித்த வாரம் முழுக்கத் தக்காளி. அந்த வாரம் எனக்கு வயிற்றெரிச்சல் என்ற இன்னொரு வியாதியும் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று மனைவி ஈரோட்டுக்குப் போயிருந்தாள். குக்கர் விசில் அடித்தால், "வாரேன், வாரேன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அவ்வளவு பேச்சுத் துணை.

பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. ரிப்போர்ட்டை வாங்கப் போகவில்லை. டாக்டர் வீட்டுத் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன். நடைக்கு நடையும் ஆயிற்று.

மூன்று ஞாயிறாக என்னைக் காணோம் என்று கறிக்கடைக்காரர் வழிமறித்தார்.

"ஏனுங்க, அரைக்கிலோ எடுத்து வெச்சு வெச்சு ஏமாந்து போறேன். காலையில நடக்கறீங்க, கறி திங்கறதில்லை. பழனிக்கு மாலை போட்டாச்சுங்களா?"

வேறு என்ன சொல்வது? ஆட்டுத் தொடை தொங்கும் கடைவாசலில் நின்று, என் அடிவயிற்றுக் கதையையா? தலையை ஆட்டினேன்.

அன்று மாலையே எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் நோட்டோடு வந்தார். எங்கள் தெருவில் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். "சொல்லவே இல்லீங்களே சாமி!" என்று என் பெயரை எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் ஈரோட்டிலிருந்து போன்.

"ஏனுங்க, நடக்கப் போறீங்களாமா? நம்ம புள்ளைக்கு நல்லபடியா பொறக்கோணும்னுதானுங்க? சம்பந்தியம்மாகிட்டச் சொன்னேன், அவங்களுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

அதற்குமேல் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவி வேட்டி வாங்கினேன்.

பொள்ளாச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். தைக் குளிர். மற்றவர்களுக்கு நிழல் தந்த மரங்கள் எனக்கு வேறு காரியத்துக்கு ஆயின. ஐந்து நிமிடம் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினால் கோஷ்டி இரண்டு பர்லாங் தள்ளிப் போயிருக்கும். ஓடிப் பிடிப்பேன். பிடித்ததும் அடுத்த மரம்.

"என்ன சாமி, ஒவ்வொரு மரமா எண்ணிட்டு வாரீங்க?" என்றார் தலைவர்.

"முள்ளு குத்திப்போட்டுதுங்க."

"மூணு நாளா ஒரே முள்ளுங்களா?"

வழியெல்லாம் மோர்ப் பந்தல்கள். குடித்தால் அடுத்த மரம் இன்னும் கிட்டே வந்துவிடும் என்று ஒவ்வொரு டம்ளரையும் கும்பிட்டு விலக்கினேன். "எத்தனை கடும் விரதம்!" என்று ஓர் அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உடுமலைக்குப் பக்கத்தில் கோஷ்டியை முழுசாகத் தவறவிட்டேன். ரோடு நிறைய ஜனம். அரோகரா என்று சத்தம். யாரும் என் ஆள் இல்லை. ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, அந்த ரிப்போர்ட் ஒரு மாதமாக டாக்டருடைய மேஜை இழுப்பறையில் எனக்காகக் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்து பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். கதவுக்கு வெளியே காவி வேட்டிகள் ஏழெட்டு வரிசையில் நின்றன. அந்தக் கதவைச் சாத்த முடியாது. லைனும் சரியில்லை.

"அம்மணி, நான் புள்ளைக்காக நடக்கலை."

"என்னங்க? கேக்கலை!"

"எனக்குப் புராஸ்டேட்!"

"யாருங்க அது?"

"ஆளில்லை! சுரப்பி! ஒன்னுக்குப் போகமாட்டேங்குது! புத்துநோயா இருக்குமோன்னு ரத்தம் எடுத்திருக்காங்க!"

கத்தி முடித்த பிறகுதான் வெளியே வரிசையில் பேச்சே இல்லை என்பது உறைத்தது. மீட்டர் மட்டும் ஓடியது.

"ரிப்போர்ட்டு என்னன்னு வந்துது?" என்றாள் கடைசியில்.

"வாங்கலை."

"ஏனுங்க?"

"தனியாப் போயி வாங்கப் பயமா இருக்குது."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் கோபமாக, "சாமி கும்பிட்டுட்டு நேரா ஈரோட்டுக்கு பஸ் ஏறுங்க. புள்ளை பொறந்ததும் நானும் வாரேன், ரெண்டு பேருமாப் போயி வாங்கலாம். அதுவரைக்கும் அந்த மோரைக் குடிச்சுத் தொலைங்க, வெயில்ல மயங்கி விழுந்துறாதீங்க" என்றாள்.

காசு கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன். வரிசையில் நின்ற நரைத்த மீசைக்காரர் என்கூடவே நாலு எட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க சாமி, உங்க டாக்டரு எங்கீங்க இருக்காரு?"

பழனி வரைக்கும் அவரும் நானும் சேர்ந்தே நடந்தோம். அவருக்கு இடது பக்கத்து மரங்கள், எனக்கு வலது பக்கம்.

பேரன் பிறந்து ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்டை வாங்கினோம். கவரை அவள்தான் பிரித்தாள். எழுத்து ஒன்றும் புரியாமல் டாக்டர் முகத்தைப் பார்த்தாள். வெறும் வீக்கந்தான் என்றார் அவர். சுரப்பி சுருங்கவில்லை, தொந்தி இரண்டு அங்குலம் குறைந்திருந்தது, ராத்திரி நாலு தடவை எழுந்தது இரண்டாகியிருந்தது.

கறிக்கடைக்காரர் மறுபடி அரைக்கிலோ எடுத்துவைத்தார். கால் கிலோ போதும் என்றேன்.

"அடுத்த வருஷமும் பழனிக்குங்களா?" என்றார்.

இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. கடையில் கூட்டம் இல்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, முழுக் கதையையும் சொன்னேன்.