ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கிற குரல்

நாடக மேடையில் மறைவாக உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையில் நல்ல பெயர் வாங்க வேண்டுமானால், நாம் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது. அடுத்தவர் பேச வேண்டியதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு என் பாடு புரியும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கையில் கைக்குழந்தை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. பொங்கல் கழிந்ததும் அங்கே நாடகமும் நடனமுமாக ஒரு மாதம் அமர்க்களப்படும். ராஜா, மந்திரி எல்லாம் மாணவிகளே.

வேலை கிடைத்த விதம்

நாடகம் பழக்கும் எஸ்தர் டீச்சருக்குச் சொந்த ஊர் நாசரேத். அதுவரை மற்ற டீச்சர்மார்தான் வசனம் எடுத்துக் கொடுத்தார்களாம். வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. ராணி வாயைத் திறக்கும் முன்பே வசனம் கடைசி வரிசைக்குப் போய்விடுமாம்.

என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். வெட்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உலை வைக்கணும் என்று நழுவப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை. "இந்தக் குரல்தான் வேணும். பிள்ளையை மடியிலேயே வச்சுக்கோ. ஒரு ஆளுக்குக் கேட்டாப் போதும். சபைக்குக் கேட்டுச்சுன்னா அன்னைக்கே வேற ஆள் பார்த்துருவேன்!"

பாய்த் திரை

அப்போது யுத்த காலம், திரைக்குத் துணி ஏது? தோணிக்காரர் ஒருவர் கொடுத்த பழைய பாய்மரப் பாயைத்தான் மேடையில் கட்டினோம். ஏற்றி இறக்க, தோணியில் பாய் இழுத்தே வயசான சூசை அண்ணன் வந்தார்.

முதல் நாடகத்தில் ராஜா தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது கடல் காற்று சட்டென்று திசை மாறியது. தடதடவென்று திரை விழுந்துவிட்டது. ராஜா முன்னால், மந்திரி பின்னால். டீச்சர் பதறி ஓடிவந்தார். சூசை அண்ணன் கயிற்றை விடவில்லை. "காத்து திரும்பிட்டுலா டீச்சர்? பாயை இறக்காட்டி ஒரு ஆளு மிஞ்சுமா?"

தின்ற பக்கம்

என் பிள்ளை ஒருநாள் வசனத் தாளின் ஓரத்தை மென்று விழுங்கிவிட்டாள். மந்திரியின் பெரிய பேச்சில் பாதி போயிற்று. மந்திரியாக நடித்த பெண்ணிடம் மிச்சத் தாளைக் காட்டிச் சொன்னேன். அவள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "எனக்கு மனப்பாடம் ஆகாத இடமாப் பார்த்துத் தின்னுருக்காளே, என் தங்கம்!"

கோலாட்டம்

நடனத்துக்கு வசனம் கிடையாது. அன்றைக்கு எனக்கு வேலையில்லை என்று நினைத்தேன். ஓரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். தூங்கியதும் கையை எடுத்தேன். உடனே என் பக்கம் ஆடிய பெண்ணுக்குக் கோல் தப்பியது. சுற்றி வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, தட்டுறதை நிறுத்திராதிய, நான் அதைப் பார்த்துத்தான் ஆடுதேன்!"

கடைசி நாடகம்

அன்று ஊரே வந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ராணி, தர்பாரில் நியாயம் கேட்கிற கட்டம். ராணியாக நின்ற பாக்கியத்துக்கு வசனம் மறந்துபோயிற்று. மெல்லச் சொன்னேன். காற்றில் பாய் படபடத்ததில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். என்னையே பார்க்கிறாள், உதடு துடிக்கிறது, கண் நிறைகிறது. சத்தம் போட்டால் என் வேலை போகும். போடாவிட்டால் அந்தப் பெண் இனி எந்த மேடையிலும் ஏற மாட்டாள்.

"என் பிள்ளையைக் கொடுங்கள்!" என்று கத்திவிட்டேன்.

மடியில் பிள்ளை விழித்து வீறிட்டாள். சபை கொல்லென்று சிரித்தது. பாக்கியம் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு அதே வசனத்தை என்னைவிட உரக்கச் சொன்னாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

நாடகம் முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன். அங்கே துறைமுக வேலை முடித்து வந்திருந்த என் வீட்டுக்காரர். "ஏளா, அது உன் சத்தமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ பேசுறதைக் காதைத் தீட்டிக்கிட்டுல்லா கேட்கேன்!"

பின்னாலேயே எஸ்தர் டீச்சர் வந்துவிட்டார். "சபைக்குக் கேட்டுட்டு டீச்சர்" என்றேன், தலையைக் குனிந்தபடி. "பாக்கியத்துக்குக் கேட்டுச்சுல்ல, அது போதும். அடுத்த வருஷம் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன். தரையில உட்கார்ந்து கத்தினாத் தொண்டை போயிரும்."

சொன்னபடி அடுத்த வருஷம் நாற்காலி வந்தது. அதில் என் மகள் ஏறி உட்கார்ந்துகொண்டாள், நான் பழையபடி தரையில்.