நாலு நிமிடம் நின்ற தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஊரில் பாதிப் பேர் போர்வைக்குள் புரண்டு படுப்பார்கள். தீயணைப்பு வண்டி டிரைவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஐந்து ஐம்பதும் கிடையாது, ஆறு ஐந்தும் கிடையாது. கேரியரில் ஒரு சாக்குப் பை. அதற்குள் இரும்புக் கொக்கி, நீளமான சாவி, கம்பி பிரஷ், கிரீஸ் டப்பா, மஞ்சள் பெயிண்ட். தெருமுனையில் இறங்கி, சாலையில் பதிந்திருக்கும் சின்ன இரும்பு மூடியைத் தேடிப்பிடித்து, மண்ணைச் சுரண்டி, கொக்கியை மாட்டித் தூக்குவார். அடியில் இருப்பது ஹைட்ரண்ட், அதாவது தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய். திருகிப் பார்ப்பார், கிரீஸ் தடவுவார், மூடுவார், ஓரமாக மஞ்சள் அடிப்பார். பிறகு அடுத்த தெரு.

ஒன்பது வருடமாக இதே வேலை. செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஊர் பார்த்து அவருக்கு 'மூடிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டது. ஒருமுறை புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவர் அவரை இரும்புத் திருடன் என்று நினைத்துக் கையும் களவுமாகப் பிடித்து, போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். டிரைவரின் மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை குப்புறப் படுத்துத் தூங்குறாங்க. எனக்கு வாய்ச்சது நடுரோட்டுல குனிஞ்சு நிக்குது" என்பார். சொல்லிவிட்டு, சாக்குப் பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலையும் திணிப்பார். காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நிலையத்தில் நெட்டை என்று ஒருவர் இருந்தார். பேருக்கேற்ற உயரம். வண்டியில் ஏறும்போதெல்லாம் நெற்றியை இடித்துக்கொண்டு, கதவைச் செய்தவனின் வம்சத்தையே திட்டுவார். அவரும் டிரைவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தீ என்றால் நெட்டை உள்ளே போவார், டிரைவர் வெளியே பம்ப்பில் நிற்பார். உள்ளே இருப்பவருக்குத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது டிரைவரின் பொறுப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மெத்தைக் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. நெட்டையும், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இன்னொரு வீரரும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வண்டித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் ஹைட்ரண்டிலிருந்து இணைப்புக் கொடுத்தாக வேண்டும். டிரைவர் சாவியோடு தெருமுனைக்கு ஓடினார். மூடியைக் காணோம். போன மாதம் போட்ட புதுச் சாலை அது. புண்ணியவான்கள் மூடிக்கு மேலேயே தாரை ஊற்றி, பளபளவென்று உருட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சுவரிலிருந்து அடி அளந்து, கடப்பாரையால் கொத்தி, மூடியைத் தோண்டி எடுத்துத் தண்ணீர் விடுவதற்குள், தொட்டி காலியாகி நாலு நிமிடம் ஓடிவிட்டது. அந்த நாலு நிமிடத்தில் கூரை இறங்கியது. உள்ளே சிக்கியிருந்த தொழிலாளியை இருவரும் ஏற்கெனவே ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள். அவர்கள்தான் வரவில்லை.

விசாரணையில் டிரைவர் எதையும் ஒளிக்கவில்லை. தண்ணீர் இருந்திருந்தாலும் கூரை விழுந்திருக்கும் என்றார் ஒரு அதிகாரி. சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். கடைசியில் டிரைவர்மேல் தவறில்லை என்று எழுதி முடித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நெட்டையின் மனைவி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் தண்ணி வந்துச்சா அண்ணே?"

"வந்துச்சும்மா."

அந்த நிலைமையில் வேறென்ன சொல்லியிருப்பார் மனுஷன்? ஆனால் வாயிலிருந்து விழுந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. நெட்டையின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விசாரணை அறிக்கையை முதல் பக்கத்துக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. படித்தவர்களும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வருடா வருடம் நிலையத்தில் நினைவு நாள் நடக்கும். கொடி பாதியில் பறக்கும், மணி அடிப்பார்கள், படங்களுக்குப் பூ வைப்பார்கள். டிரைவர் அந்த நேரம் பார்த்து வண்டிக்கடியில் புகுந்துகொண்டு எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். டீச்சர் அங்கேயும் தேடி வந்து, "நீங்க தண்ணி நிக்க விடலண்ணே, அது போதும் எனக்கு" என்பார். டிரைவருக்கு அப்படியே சக்கரத்துக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

இந்த வருடம் விழாவில் டீச்சரையே பேசச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், தான் எழுதிய பேச்சை எடுத்துக்கொண்டு அவர் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உங்கள் வேலை சம்பந்தமான வார்த்தை ஏதாவது தப்பாக இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்றார். டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்றாவது பத்தியில் முகத்தில் ஈயாடவில்லை. 'அவர் உள்ளே நின்ற கடைசி நொடி வரை தண்ணீர் நிற்கவில்லை. அதை நிற்க விடாத கை இங்கே இருக்கிறது. அனைவரும் அந்தக் கைக்காக ஒருமுறை கை தட்டுங்கள்.'

ஊரே கூடிக் கை தட்டுவதை நினைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இன்றைக்கு இதை மென்று விழுங்கினால், இனிமேல் எப்போதும் சொல்ல முடியாது. சொன்னால், அண்ணே என்று கூப்பிட இந்தத் தங்கச்சி இருக்கமாட்டாள். சமையலறை வாசலில் அவர் மனைவி டீத்தட்டோடு நின்றுவிட்டார்.

"இது தப்பும்மா" என்றார் டிரைவர். "தண்ணி நின்னுடுச்சு."

பிறகு தாரையும் கடப்பாரையையும் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. "எத்தனை நிமிஷம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு."

"ஒன்பது வருஷம், அண்ணே." பேச்சுத்தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு டிரைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பது வருஷமாத் தொண்டையில மாட்டிக்கிட்டிருந்தது இப்பத்தான் வெளிய வந்திருக்கு, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று மனைவி அதட்டலும் ஆறுதலுமாகச் சொல்லிப் பார்த்தார்.

சனிக்கிழமை நினைவு நாள். டிரைவர் இந்த முறை வண்டிக்கடியில் போகவில்லை. துவைத்த சீருடையோடு வரிசையில் நின்றார். திட்டினால் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். டீச்சர் மேடையேறினார். கையில் தாள் இல்லை.

"ஒரு பேச்சு எழுதி வச்சிருந்தேன். அதுல கணக்கு தப்பு, கிழிச்சுப் போட்டுட்டேன். என் வீட்டுக்காரர் உள்ள இருந்தப்ப நாலு நிமிஷம் தண்ணி வரல. இதை இத்தனை வருஷம் என்கிட்ட மறைச்ச ஆள் இதோ இங்கதான் நிக்கிறார். அவர் மேல கோபம் இன்னும் போகல எனக்கு."

டீச்சர் தொடர்ந்தார். நேற்று அந்தக் கிடங்குத் தெருவுக்குப் போனாராம். மூடி மஞ்சள் வண்ணத்தோடு, ஒரு பொட்டு மண் இல்லாமல் இருந்ததாம். சாலையை மறுபடி போட்டபோதும் சுற்றிலும் ஒரு சாண் விட்டுத்தான் தார் போட்டிருந்தார்களாம். யார் வேலை இது என்று எதிர்க் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். ஒரு கிறுக்கன் ஞாயிறு தவறாமல் வருவான், தார் போட்ட அன்றைக்கு மூடிமேல் சைக்கிளை நிறுத்திவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான் என்றாராம்.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. இந்தத் தெரு மூடி எங்க இருக்குன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கி நடந்தார்.

நிகழ்ச்சி நிரலில் அப்படி எதுவும் இல்லை. தலைமை விருந்தினராக வந்திருந்த பெரிய அதிகாரி திருதிருவென விழித்தார். கூட்டம் வாசலுக்கு வந்து பார்த்தால், மூடியைக் காணோம். அது அதிகாரியின் கார் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. காலையிலேயே நகர்த்தச் சொன்ன டிரைவரை, இது யார் கார் தெரியுமா என்று கேட்டு விரட்டியிருந்தார்கள். இப்போது அதிகாரியே ஓடிப்போய்க் காரை எடுக்கச் சொன்னார்.

டிரைவர் உள்ளே போய்ச் சாக்குப் பையை எடுத்து வந்து கொக்கியை வெளியே எடுத்தார். டீச்சர் கையை நீட்டினார். கொக்கி கை மாறியது. மூடியைத் தூக்கியது டீச்சர், சாவியைத் திருகியது டிரைவர். முதலில் ஒரு இருமல், பிறகு கொஞ்சம் துருத் தண்ணீர், அதற்குப் பிறகு சுத்தமான தண்ணீர் பொங்கித் தெருவில் ஓடியது. அதிகாரியின் ஷூ நனைந்தது.

கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டீச்சர் கேட்டார்.

"தண்ணி வருதா அண்ணே?"

"வருதும்மா" என்றார் டிரைவர். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டீச்சர் குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்து, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டார். ஆறு மணி என்றார் டிரைவர்.

"ஆறரைன்னா நானும் வரேன்."

மறுநாள், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, மூடிக்காரர் ஆறரைக்குக் கிளம்பினார்.