தூணுக்குள் சிமெண்ட் சாக்கு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், பெண்கள் விடுதியைக் கூட்டித் துடைப்பது கொளஞ்சியம்மாளின் வேலை. வயது ஐம்பத்து மூன்று. புவனகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அந்த நான்கு மாடி விடுதியைக் கட்டியபோது கலவை சுமந்த சித்தாள்களில் அவளும் ஒருத்தி. "நான் கட்டுன வீட்லதான் நீங்கள்லாம் தூங்குறீங்க" என்று மாணவிகளிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

போன ஆடி மாதம், நில அதிர்வு வந்தால் வளாகத்துக் கட்டடங்கள் தாங்குமா என்று சோதிக்க ஒரு குழு வந்தது. அதை நடத்தியவள் வினோதினி என்ற இளம் பொறியாளர். விடுதியின் கீழ்த்தளத்தில் சுவரே கிடையாது. வண்டி நிறுத்த இடம் விட்டு, வெறும் தூண்கள்தான். ஒலியலை அனுப்பி உள்ளே பொந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியை ஒரு தூணின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்த வினோதினி, இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு பூச்சை உடைக்கச் சொன்னாள்.

சுத்தியலால் நாலு அடி அடித்ததுமே செங்கல் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின. அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்த ஒரு சிமெண்ட் சாக்கு.

"இது எப்படி உள்ள போச்சு?"

"நான்தான் மேடம் வச்சேன்" என்றாள் கொளஞ்சியம்மாள், கையில் துடைப்பத்தோடு சிரித்தபடி. "கான்கிரீட் போட்டு, சுத்தி அடிச்ச பலகையப் பிரிச்சப்ப தல நுழையிற மாதிரி பொந்து. மேஸ்திரி அடைச்சிப் பூசிடலாம்னாரு. நாலு தூண்ல அப்படித்தான் அடைச்சோம்."

வினோதினி தூணை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பூமி ஆடுச்சுன்னா மேல இருக்குற மொத்த எடையும் இந்தத் தூணுங்க மேலதான். இது ஒடிஞ்சா நாலு மாடியும் அப்படியே உக்காந்துடும்."

மேலே இருநூற்றுப் பதினாறு பெண்கள். கொளஞ்சியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"செவுத்துல ஓட்டைய அடைக்கிற மாதிரின்னு நெனச்சேன் மேடம். சத்தியமா எனக்குத் தெரியாது."

பராமரிப்பு அதிகாரி தேவசகாயம் வேகமாக வந்தார். "உன்ன யாரும்மா கேட்டது? போய் வேலையப் பாரு."

அவள் எழுந்தாள். வெளியே போகவில்லை. தூண் தூணாக நடந்து, "இது... மூலையில இருக்கே, அது... இதுவும்" என்று தொட்டுக் காட்டினாள். அவள் காட்டிய மூன்றையும் உடைத்துப் பார்த்ததில் இரண்டு பொந்தாக இருந்தன. ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தது. அதை அவள் தப்பாக நினைவு வைத்திருந்தாள். அந்த நாலாவது எது என்று கண்டுபிடிக்க, மிச்சமிருந்த எல்லாத் தூண்களையும் கருவி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. படிக்கட்டை ஒட்டி அகப்பட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் மாணவிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். கீழே இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். கொளஞ்சியம்மாள் மாணவிகளின் பெட்டிகளைத் தூக்கினாள். "என்னாச்சுக்கா, ஏன் பேச மாட்டேங்குறீங்க?" என்று நஜியா என்ற மாணவி கேட்டாள். கொளஞ்சியம்மாளால் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு பொந்துகளைச் சுத்தம் செய்து அடைத்து, எல்லாத் தூண்களையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட்டால் தடிமனாக்கினார்கள். தூண்களுக்கு நடுவே சில இடங்களில் சுவரும் எழுப்பினார்கள். கான்கிரீட் போட்ட அன்று அவள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஓரமாக நின்றாள்.

"என்ன வேணும்க்கா?" என்றார் கொத்தனார்.

"ஒண்ணும் வேணாம். நீங்க போடுங்க."

பலகை பிரிக்கும் நாளிலும் வந்தாள். ஒவ்வொரு தூணாக, அடியிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.