மணிக்கோபுரத்துப் புறா எச்சம்

தலை பிளந்தது. வெளிச்சம் பட்டால் குமட்டிச் சத்தி வந்தது. சாவு வந்துவிட்டது என்று நினைத்தேன். அது எண்பத்தொன்பதாம் ஆண்டில், யாழ்ப்பாணக் கடலில் இருக்கிற நெடுந்தீவில்.

அதற்கு முந்திய வருடம் என் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. தம்பி தன்னுடையதில் ஒன்றைத் தந்தான். மதராசில் பொருத்தினார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் குளிசை தந்தார்கள். அது நோயெதிர்ப்பைக் குறைக்கும். சாகும்வரை குடிக்க வேண்டும்.

பிழைத்ததற்கு நேர்த்தி வைத்திருந்தேன். அதற்காகப் பெருநாளுக்கு முன் எங்கள் வேதக்கோயில் மணிக்கோபுரத்தைக் கூட்டினேன். புறா எச்சம் காய்ந்து மாவாய்க் கிடந்தது. மூக்கில் துணி கட்டவில்லை. ஆண்டவர் வேலைக்கு மூக்கைப் பொத்துவது மரியாதையில்லை என்கிற சனம் நாங்கள்.

பிறகு காய்ச்சல். பிறகு இந்தத் தலையிடி. செபக்கூட்டம் நடத்துகிற சூசைப்பிள்ளை அண்ணை வந்தார்.

“நீர் குளிசையை நம்புறீர், ஆண்டவரை நம்பேல்லை. விட்டெறியும் காணும்.”

“விட்டால் தம்பியின்ரை கிட்னி செத்துப்போம் அண்ணை.”

“விசுவாசமில்லாதவன்ரை கதை!”

தனக்குப் பல் வலித்தால் முதல் வள்ளத்தில் யாழ்ப்பாணம் ஓடுகிற மனிதர். அவருடைய கூட்டம் என் தலைமாட்டில் நின்று கத்திப் பாடியது. தலையிடிக்காரனின் தலைமாட்டில். மாடு மேய்க்கக்கூட இந்த ஆட்களை நம்பி விட ஏலாது.

அவர்கள் போனபின் நான் செபித்தது இவ்வளவுதான்: ஆண்டவரே, புத்தி சொல்லுகிற ஆட்கள் போதும். விசாரிக்கிற ஆள் ஒருவரை அனுப்பும்.

மறுநாள் மனைவி என்னை வள்ளத்தில் கிடத்தி யாழ்ப்பாணம் கொண்டுபோனாள். முதலில் பார்த்த டொக்டர் என் முகத்தையும் பார்க்காமல் மலேரியா என்று எழுதினார். படித்த சூசைப்பிள்ளை. அடுத்து ஒரு டொக்டரம்மா வந்து கட்டிலருகே இருந்தார்.

“இந்தக் காய்ச்சல் வருத்தம் வர முதல் என்ன செய்தனீர்?”

“கோயில் மணிக்கோபுரம் கூட்டினனான்.”

“அங்கை புறா இருக்கோ?”

“புறாவுக்குத்தானே கட்டி வைச்சிருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார். அதில் கறுப்பு மை கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கறுப்புக்குள் வெள்ளை வட்டங்கள். பூஞ்சணம். புறா எச்சத்தில் இருப்பது. மற்றவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாதாம். என்னைப்போலக் குளிசை குடிக்கிறவனின் மூளை வரைக்கும் போகுமாம்.

மருந்து ஏற ஏற உடம்பு உதறியது. பிழைத்தேன். தம்பி தந்ததும் பிழைத்தது.

ஊர் திரும்பியபோது சூசைப்பிள்ளை அண்ணை துறையில் நின்றார்.

“பாத்தீரோ எங்கடை செபத்தை!”

“பாக்கேல்லை அண்ணை. கேட்டனான். அதாலைதான் தலையிடி கூடினது.”

முன்பு பெருநாளுக்குத்தான் பூசைக்குப் போவேன். இப்போது தினமும் போகிறேன். செபக்கூட்டத்துக்குப் போவதில்லை. ஆண்டவருக்கு நன்றி. வேறு ஒருவருக்கும் இதில் பங்கு கொடுக்க மாட்டேன், அந்த டொக்டரம்மாவைத் தவிர.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். நாலு சொல் போதும், ஆண்டவருக்குக் காது மந்தமில்லை. கேட்டுவிட்டு வள்ளம் ஏறுங்கள்.