வயிற்றெரிச்சலை ஆராய்ந்த டாக்டர் ஜமீலா

சந்தையில் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் டாக்டர் ஜமீலாவின் அண்ணன். "மிஸ்ஸி, தங்கச்சி மௌத்தாயிட்டா. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனோம், எந்திரிக்கல" என்றார். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார். மாரடைப்பாம். காலமெல்லாம் ஊராரின் உணவுக்குழாயையும் இரைப்பையையும் காவல் காத்த மனுஷியை, பக்கத்திலேயே இருந்த இதயம் ஏமாற்றிவிட்டது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பினாங்கு ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் வரும் புற்றுநோயை முற்றுவதற்கு முன்னால் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பின் எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதுதான் அவருக்கு மூச்சு. நான் அதில் தாதி, ஊர்ப்பேச்சில் மிஸ்ஸி. ஆனால் என் கணவர் மாணிக்கத்தை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. கேன்டீனில் ஆளுக்கொரு கதை சொல்கிறீர்கள். முறுக்கால் அடித்து இழுத்துக்கொண்டு போனார் என்றுகூட ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அடிக்கவில்லை. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட உண்மை.

முதலில் அந்தக் கேள்வித்தாள் விவகாரம். நோயாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் தானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். "உங்களுக்கு அடிக்கடி வயிற்றெரிச்சல் வருமா?" என்று எழுதினார். "டாக்டர், அதுக்கு வேற அர்த்தம் இருக்கு" என்றேன். "வயிறு இருக்கு, எரிச்சல் இருக்கு, வேற என்ன வேணும் லெட்சுமி?" என்று அடக்கிவிட்டார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் முதலில் கேட்கப்பட்ட அக்கா உற்சாகமாகிவிட்டார். "வராம இருக்குமா டாக்டர்? எதுத்த வீட்டுக்காரி புதுக் காடி வாங்கி, எங்க வாசலுக்கு நேரா நிப்பாட்டறா!" டாக்டர் முகம் மாறாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" "அந்தக் காடியப் பாக்குறப்பல்லாம்." அன்று சாயங்காலமே 'நெஞ்சு கரிக்கிறதா' என்று மாற்றி எழுதிக்கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய வாப்பா நாசி கண்டார் என்ற கறிச்சோற்றுக் கடை நடத்தியவர், இப்போது அண்ணன் நடத்துகிறார். காரம் சாப்பிட்டால் புற்றுநோய் வருமா என்று கேட்காத ஆளில்லை. "கறியக் குத்தம் சொல்றதா இருந்தா ஆதாரத்தோட வாங்க. அது எங்க குடும்பச் சொத்து" என்பார். ஆனால் சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு போய்விடும். ஆதாரத்தை அவரே அடுக்க ஆரம்பித்துவிடுவார், கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நொந்துபோவார்.

பிறகு ஊதல் பரிசோதனை வந்தது. இரைப்பையில் ஒரு கிருமி வருஷக்கணக்காகக் குடியிருந்தால் பின்னால் புற்றுநோய் வரக்கூடும். அது இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மருந்தைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊத வேண்டும். எங்கள் ஊரான பாகான் டாலாமில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்தோம். பையைப் பார்த்ததும் முதல் ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். "டாக்டர், நேத்து ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்." பின்னால் நின்ற மனைவி, "நல்லா அழுத்தி ஊதச் சொல்லுங்க" என்றார். வரிசை கலைந்தது. அடுத்த வாரம் மனைவிமாரே கணவன்மாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, இது குடியைப் பிடிக்கிற சோதனை இல்லை என்று பொறுமையாக விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் ஊதவைத்தார். வாசலில் நின்ற பெண்கள் நம்பிக்கொண்டிருந்ததை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை. "எனக்கு ஆளுங்க வேணும்லா" என்று என்னிடம் கண்ணடித்தார்.

முதல் ஞாயிறு பின்வாசல் வழியாக ஓடியவர்களில் மாணிக்கமும் ஒருவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டுகிறவர், ஒரு சொட்டு குடிக்காதவர். அவர் பயந்தது வேறு. சில மாதங்களாகச் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுவார். கேட்டால், "காத்து, வேற ஒண்ணுமில்ல" என்பார். ஊரையெல்லாம் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற ஸ்கோப்புக்குப் படுக்கவைத்த எனக்கு, ஒரே வீட்டில் இருந்த ஒரு மனுஷரைப் படுக்கவைக்க முடியவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டரிடம் அழுதேன். "தீபாவளிக்கு என்னக் கூப்பிடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

தீபாவளியன்று வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த டாக்டர் நேராக மாணிக்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கால்பந்து பேசினார், பினாங்குப் பாலத்து நெரிசலைத் திட்டினார். பிறகு தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, சின்னத் துண்டாக உடைத்து நீட்டினார். "அண்ணே, தண்ணி இல்லாம இத மென்னு முழுங்குங்க. முழுங்கிட்டா நான் பாட்டுக்குப் போயிடறேன்." வாங்கியவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வீடு நிறைய ஆட்கள், சிரிப்பு, சத்தம். என் கண்ணுக்கு அந்தத் துண்டு மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் கழித்து அதைத் திரும்பத் தட்டில் வைத்தார். "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. முன்னால் மருந்து, பிறகு அறுவை, அப்புறம் மறுபடி மருந்து என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டதும் மாணிக்கம் நிமிர்ந்தார். "அப்ப நான் எலியா டாக்டர்?" "எலி கையெழுத்துப் போடாதுண்ணே. நீங்க வேணாம்னா வேணாம், அப்பவும் நான்தான் பாப்பேன்." மாணிக்கம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மருந்து ஏறிய மாதங்களில் மெலிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோதும், டாக்டர் உள்ளே வந்தால் "எலி வந்திருக்கு" என்று சொல்லிக்கொள்வார்.

அறுவை நடந்த அன்று கேன்டீனில் எனக்கெதிரே உட்கார்ந்திருந்தார் டாக்டர். கத்தி பிடிப்பது அவர் வேலையில்லை, அதனால் என்னைப்போல அவரும் காத்திருந்தார். தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு லெட்சுமி" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது, ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

சந்தையில் எனக்குச் சேதி வந்த அன்றே, அஸர் தொழுகைக்கு முன்னால் டாக்டருக்கு அடக்கம். மாணிக்கம் ஆண்களோடு வெயிலில் நின்றார். திரும்பி வரும்போது, "என்னைய அண்ணே அண்ணேன்னு கூப்டாங்க. ஒரு தடவகூட நான் சொன்னதக் கேட்டதில்ல" என்று சொல்லி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார்.

டாக்டரின் அறையைக் காலி செய்கிறோம், நினைவாக என்ன வேண்டும் என்று பிரிவிலிருந்து கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நேற்று மத்தியானம் மாணிக்கம் கொஞ்சமாகச் சோறு போட்டுக்கொண்டு, நிதானமாக ஒரு வாய் தின்றுவிட்டு, "கொழம்புல உப்பு பத்தல" என்றார். வழக்கமாக அதற்கு நான் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. நேற்று பேசாமல் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். மனுஷர் வெலவெலத்துப்போனார். "ஏன் லெட்சுமி, ஸ்கேன்ல ஏதும் வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல, சாப்பிடுங்க" என்றேன். டாக்டர் ஜமீலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவரைத்தான். மென்று, விழுங்கி, அதற்குப் பிறகு குறையும் சொல்கிற என் மாணிக்கத்தை.