டாக்டரின் கட்டைவிரல்

உடம்பு முழுக்க வலி. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. மன்னார்குடியில் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் என் கணவர் நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, தஞ்சாவூரில் மூட்டுவலி பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் என்னை அழைத்துப் போனார்.

டாக்டர் முதலில் என் கைகால்களை மடக்கி நீட்டி, மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பிடரி, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வோர் இடமாகக் கட்டைவிரலால் அழுத்தினார். பல இடங்களில் நான் துள்ளிவிட்டேன்.

"கொஞ்சம் மெதுவா அழுத்துங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

"மெதுவாத்தாங்க அழுத்துறேன். உங்க கையக் கொடுங்க" என்று டாக்டர் அவர் முழங்கையிலும் அதே மாதிரி அழுத்திக் காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்ட என் கணவர் என் பக்கம் திரும்பினார். "இதுக்கேவாம்மா உனக்கு அப்படி வலிக்குது?"

நான் தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியா. டெஸ்ட்டுல தெரியாது. ஆனா அவங்க வலி நிஜம்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார். வலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. காலையில் வயல் பார்க்கப் போகும் கணவரோடு வாய்க்கால் கரையில் நானும் நடக்கிறேன். வேகநடைக்காரர் அவர். இப்போது நான் பின்தங்கும்போதெல்லாம் யார் வயலாக இருந்தாலும் நின்று, பயிரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்.