கம்பளிப் பந்தலின் கீழே போன காவடி

பிள்ளைகளே, பதுளைக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் பஸ்ஸில் தூங்கிவிடுகிறீர்கள். பஸ் நின்ற பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால் கடைகளும் சனமும் மட்டும்தான் தெரியும். அந்த ஊரை மேலேயிருந்து இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டும். நான் முதன்முதலாக அதை லொறியின் மேலிருந்து பார்த்தேன். தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பூக்காவடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அந்தக் கதையை நீங்கள் தூங்காத நேரமாகப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுலை மலைக்கு இந்தப் பக்கம். பதுளை அதே மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தில். எனக்கு விவரம் தெரியாத வயதில் கடும் காய்ச்சல் வந்து, தோட்டத்து டாக்டரையா கையை விரித்துவிட்டாராம். அப்போது அப்பா பதுளை முருகனுக்குப் பூக்காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். நான் பிழைத்துக்கொண்டேன். அந்தக் காவடி எனக்காகத்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேர்த்தி முடியும்வரை பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வழக்கம்.

நான் லொறியில் போனதற்கு முந்திய வருஷம் பங்குனி உத்திரத்துக்கு அப்பா காவடி எடுத்தார். நடுக் கடைவீதியில் மழை பிடித்துக்கொண்டது. கடதாசிப் பூவெல்லாம் கரைந்து, சிவப்புத் தண்ணீராக அவருடைய வெள்ளை வேட்டியில் வழிந்தது. "தோட்டக்காட்டான் காவடியைக் கழுவிக்கிட்டுப் போறான்" என்று யாரோ கடையோரமாக நின்று சிரித்தார்களாம். அப்பா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது வெறும் கம்புகளைத்தான்.

முருகன் அதையும் ஏற்றுக்கொள்வான் என்று லயத்தில் எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை.

"நான் பூக்காவடின்னு சொன்னேன். குச்சிக் காவடின்னு சொல்லலியே."

ஆகவே அடுத்த வருஷம் மாசி முழுக்க உட்கார்ந்து ரோசாவும் மஞ்சளுமாகப் பூச்செய்தார். அவர் கட்டிய காவடி வளைவைப் போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

உத்திரத்தன்று விடியும்போது அப்பா வாசலில் நின்று மலையைப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் மழையைச் சொல்வது மலைதான். அது தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டால், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கம்பளி எடுத்துக்கொள்வார்கள். கம்பளி என்றால் நீங்கள் போர்த்திக்கொள்ளும் பூப்போட்ட போர்வை இல்லை. கறுப்பாக, முரடாக, முக்காடு போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும். ஒருத்திக்கு ஒன்றுதான் இருக்கும். அன்றைக்கு மலையின் நெற்றி துடைத்துவிட்டதைப் போல் இருந்தது.

"ஒரு தூத்தல்கூட கிடையாது. யாரும் கம்பளியைத் தூக்கிட்டு வர வேணாம். அட்டை நாத்தம் புடிச்சதைச் சாமிகிட்டக் கொண்டுபோறதா? டவுன்ல சிரிப்பாங்க" என்றார் அப்பா.

"இது நம்ம பக்கத்து முகம். பதுளை அந்தாண்டை இருக்கு" என்றார் அம்மா.

"மலைக்கென்ன, முருகனாட்டம் ஆறு முகமா இருக்கு?"

அம்மா கூடையில் கட்டுச்சோற்றை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

தேயிலைப் பெட்டி ஏற்றி ஸ்டேஷனுக்குப் போகும் லொறியில் துரையிடம் கேட்டு எங்களுக்கு இடம் வாங்கியிருந்தார்கள். இறங்க இறங்கக் குளிர் விட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் தொப்பியைக் கழற்றினார், ஒருவர் குளிர்சட்டையைக் கழற்றினார். கடைசி வளைவில் மலைகளுக்கு நடுவே, கிண்ணத்துக்குள் வைத்ததைப் போல் பதுளை தெரிந்தது. புத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம், ஆறு, எட்டுப் பக்கமுள்ள சந்தைக் கட்டடம், வெயிலில் மின்னும் தகரக் கூரைகள்.

அப்பா எனக்குச் சரித்திரம் சொன்னார். ராசா காலத்திலேயே இது பெரிய ஊராம். இளவரசன் இருந்து ஆண்டானாம். பிறகு வெள்ளைக்காரன் வந்து கோட்டை கட்டினானாம். என் மாமா, அம்மாவின் தம்பி, தப்பு மேளம் அடிப்பதற்காக வந்தவர், இடையில் புகுந்தார்.

"அதெல்லாம் நேத்துக் கட்டினது மச்சான். நம்ம லயத்தைக் கட்டினது அதுக்கும் முந்தி. கூரையைப் பாத்தாலே தெரியலியா?"

ஆற்றங்கரையில் எங்களை இறக்கிவிட்டு, மழைக்கு மூடும் படங்குத் துணியும் பெட்டிகளுமாக லொறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அப்பா குளித்து, ஈரத்தோடு காவடியைத் தோளில் ஏற்றினார். ஏற்றினால் சந்நிதியில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைத்தால் நேர்த்தி போயிற்று. என் கையில் பால்செம்பைக் கொடுத்து, "சிந்தாம வரணும்" என்றார்கள். மாமாவின் தப்பு முன்னே போக, நான் அப்பாவுக்குக் கீழே வளைவின் நிழலில் நடந்தேன். எங்கள் லயத்துப் பெண்கள் கூடைகளோடு பின்னால் வந்தார்கள். பதுளையின் வெயில் எங்கள் மலைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத வெயில். அப்பாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. முகத்திலோ வெற்றிக்களை.

கடைவீதியில் பாதி தூரம் போயிருப்போம். தப்புச் சத்தம் நின்றது.

"மச்சான், திரும்பிப் பாக்காதீங்க" என்றார் மாமா.

"ஏன்?"

"மலைக்கு இன்னொரு முகம் இருக்கு."

நான் பார்த்தேன். காலையில் எங்களுக்குச் சுத்தமான நெற்றியைக் காட்டிய அதே மலை, பதுளைப் பக்கம் கண்வரைக்கும் கறுப்புத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது. காற்று சில்லென்று ஒரு வீச்சு வீசியது. அப்பாவின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. ரோசா நிறச் சொட்டு.

எதிரே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா வெளியே வந்து கூப்பிட்டார். "கீழ வெச்சிட்டு உள்ளுக்கு வாங்க, மழை விட்டதும் போகலாம்."

"இறக்கப்படாதுங்க."

"அப்ப அப்படியே வாங்க."

வளைவு கடை வாசலைவிட அகலம். அப்பா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். நுழையவில்லை. அவர் முகம் போன போக்கை நான் கீழேயிருந்து பார்த்தேன். அழப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது அம்மா கூடையைத் தெருவில் இறக்கினார். கட்டுச்சோற்றுப் பொட்டலங்களை எடுத்துக் கடைப்படியில் வைத்தார். அடியில் கம்பளி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் கூடையிலும் சோற்றுக்கு அடியில் கம்பளி. அடுத்தவள் கூடையிலும் கம்பளி. அப்பாவின் பேச்சைக் கேட்டு வெறும் கூடையோடு வந்தவள் ஒருத்திகூட இல்லை.

"சாமிக்கு மேல கம்பளியா?" என்றார் அப்பா. குரலில் பலமில்லை.

"அவனும் மலையில இருக்கவன்தானே. குளிரு என்னன்னு அவனுக்குத் தெரியும். நீங்க நேரா நில்லுங்க."

சேலையில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றிக் கம்பளியோடு கம்பளியைக் கோத்தார்கள். கொழுந்து மலையில் நிரை பிடிப்பதைப் போல இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். காவடிக்கு மேல் கறுப்பாக ஒரு பந்தல் எழுந்தது. மழை அதன்மேல் கொட்டியது.

"நிரை பிசகாம வாங்க. கைய எறக்கினவளுக்கு இன்னைக்குச் சோறு கெடையாது" என்றார் அம்மா.

"கங்காணியைவிட அக்கா மோசம்" என்று சொல்லிவிட்டு மாமா தப்பை இடுப்பில் கட்டி, வெறும் வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டு முன்னே போனார்.

அந்தப் பந்தலுக்குள் நடந்ததை எப்படிச் சொல்வேன். ஈரக் கம்பளி வாசம், தேயிலை வாசம், சாம்பிராணி வாசம். இரண்டு பக்கமும் பெண்களின் வெறும் பாதங்கள், தெருவில் ஓடிய செம்மண் தண்ணீரில் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும்பின. அரண்மனைக்குள் நடக்கிறேன் என்றே நினைத்தேன். முன்பக்கம் வளைவு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துணிக்கடை நானா தன் பெரிய குடையை விரித்து அங்கே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே கூட நடந்தார். கடையோரங்களில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் முதலில் வாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு யாரோ "அரோகரா" என்று ஒரு குரல் கொடுத்தார். தெருவின் கடைசிவரைக்கும் அது எங்களுக்கு முன்னே ஓடியது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கோயில் வாசலில் கணக்குப் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் நின்றிருந்தார். சிரித்து யாரும் பார்த்திராதவர். காவடியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"போன வருஷம் கம்பு கொண்டு வந்தனீங்கள். இந்த வருஷம் தோட்டத்தையே கொண்டு வந்திட்டியள். உள்ளுக்கு வாங்கோ."

அப்பா சந்நிதியில் காவடியை இறக்கினார். முதல் சொட்டில் சாயம் விட்ட ஒரு பூவைத் தவிர வேறெதுவும் கரையவில்லை. நான் சிந்தாமல் கொண்டுவந்த பாலைக் குருக்கள் வாங்கிக்கொண்டார். அப்பா என் தலையில் கையை வைத்து வெகுநேரம் நின்றார். பால் சிந்தாததற்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன். பிறகு அவர் அம்மாவிடம் போனார்.

"கை வலிக்குதா?"

"கொழுந்துக் கூடையைவிடவா?"

திரும்பி வரும்போது லொறி வெறுமையாக இருந்தது. பாட்டும் கும்மாளமுமாக மலை ஏறினோம். காவடியை மழையிலிருந்து காப்பாற்றியதே தன் வாய்த்தாளம்தான் என்று மாமா சாதித்தார். நனைந்து ஒட்டிய சேலையோடு அம்மா என்னைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். கோபமோ என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை எங்கள் பக்கத்திலும் மலை தொப்பி போட்டுக்கொண்டது. தூத்தலில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, புறப்பட்ட பெண்கள் எல்லோரும் சாக்கை மடித்து முக்காடு போட்டிருந்தார்கள்.

"கம்பளி எங்கம்மா?"

"காயுது."

"தோட்டத்துக்கு உரமூட்டை வந்திருக்குடோய்" என்றார் மாமா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சாக்கு நனைந்து தோளோடு ஒட்ட, அவர்கள் வரிசையாக மலையேறிப் போனார்கள்.

லயத்துத் தாழ்வாரம் நெடுகக் கொடியில் கம்பளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கனத்த கம்பளிகள், அவ்வளவு சீக்கிரம் காயமாட்டா. ஓரங்களில் ஊக்குகள் இன்னும் குத்தியபடியே இருந்தன. எல்லோரும் போன பிறகு நான் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவற்றின் கீழே குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தேன்.